கார்ட் செருகப்படவில்லை

ஸ்டார்ட் பட்டனை அழுத்தும் ஒவ்வொரு காலையும்
ஒரு ஜப்பான்காரி பேசுவாள்.
மெல்லிய குரல், ஒரே வாக்கியம், முடிவில் ஒரு பணிவு.
லீசிங்கில் எடுத்த நாள் முதல்
அதை வாழ்த்து என்றே நினைத்திருந்தேன்.
கொட்டகலைப் பனியில் வைப்பரைத் தட்டிவிட்டு
'உனக்கும்தான்' என்று பதில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

முன்பிருந்த வேன் பேசாது, இருமும்.
பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தால்
ஒரு வாரம் ஓடும்.
அதன்மேல் எனக்கு ஏக்கம் ஒன்றும் கிடையாது.
சேலையைச் செருகிக்கொண்டு
மாதத்தில் ஆறு தரமாவது தள்ளியிருக்கிறேன்.

இதில் பொனட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு மூடி.
அதற்குக் கீழே இன்னொரு மூடி.
கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றுகிற வாய் மட்டும்
என் கைக்கென்று விட்டுவைத்தது.
அதற்கும் படம் போட்டிருக்கிறது,
பிள்ளைகளுக்குப் போடுவதுபோல.

கினிகத்தேனை ஏற்றத்தில் விளக்கு எரிந்தது.
பின்சீட்டில் மூன்று தட்டுக் கல்யாணக் கேக்,
சறுக்காமல் இருக்க அடியில் தடித்த கம்பளி.
வளைவுக்கு வளைவு வேகம் குறைய
பஸ்காரன் ஹோர்னிலேயே ஏசினான்.

ஹட்டனில் ருக்மல் டேப்லெட்டைக் கொண்டுவந்து
ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார்.
ஓர் எழுத்து, நாலைந்து இலக்கம்.
வாசித்ததற்கு மூவாயிரத்து ஐந்நூறு.
'பெட்டரி, மிஸ். நாலு லட்சம் வரும்.
நீங்க மட்டும் கை வைக்க வேணாம்,
நூற்று நாற்பத்து நாலு வோல்ட்.'

நாலு லட்சத்தைக் கேக்கில் பிரித்துப் பார்த்தேன்.
எத்தனை கல்யாணம்! ஊரில் அத்தனை மாப்பிள்ளை இல்லை.

கட்டைவிரல் அளவில் நீல நிறக் கட்டை ஒன்று
கூரியரில் வந்தது, ஆயிரத்து எண்ணூறுக்கு.
செருகினேன். போனில் அதே எழுத்து, அதே இலக்கம்,
கீழே ஒரு வரி: பெட்டரியைக் குளிர்விக்கும் ஃபேன்.
ருக்மல் பொய் சொல்லவில்லை.
அந்த வரியை அவர் படிக்கவில்லை,
நான் கேட்கவில்லை.

மழை விட்ட ஞாயிறு.
பக்கத்து வீட்டு ஜெனிட்டா டோர்ச் பிடித்தாள்,
மறு கையில் அவளுடைய ஜப்பான் பாஷைக் கொப்பி.
அங்கே வயசாளிகளைப் பார்க்கிற வேலைக்கு
மார்ச்சில் பரீட்சையாம்.
சின்னப் பெட்டரியின் வயரைக் கழற்றி வைத்தேன்.
சீட்டைத் தூக்கினேன். கிளிப் ஒன்று பறந்து கானில் விழுந்தது.
தூரத்தில் செம்மஞ்சள் வயரைக் கண்டதும்
பாத்திரம் கழுவும் கையுறைக்குள்ளும்
விரல்கள் குளிர்ந்துபோயின.
அந்தப் பக்கம் போகவில்லை.

இந்தப் பக்கம், சீட்டின் அடியில், சல்லடை ஒன்று:
அடைத்துக் கிடந்தது பாதி என் கம்பளியின் பஞ்சு.
இரண்டு வருசமாய்க் கேக்கைக் காப்பாற்ற
அதன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.
மீதிப் பாதி, நீளமான வெள்ளை முடி.
எந்தக் கடலோர ஊரிலோ
ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு போன
ஒரு நாயினுடையது.
முட்டை பூசும் பிரஷால் கூட்டி எடுத்தேன்.
ஒரு கைப்பிடி தேறியது.
எறிய மனம் வரவில்லை, பிறகு எறிந்தேன்.

எல்லாவற்றையும் பூட்டி பட்டனை அழுத்தினேன்.
ஜப்பான்காரி பேசினாள். ஜெனிட்டா சிரித்தாள்.
'என்னடி?'
'கார்ட் செருகப்படவில்லையாம் அக்கா.'
'எந்தக் கார்ட்?'
'அங்கே ஹைவேயில காசு வெட்டுற கார்ட்.'

நேற்று லிந்துலைக்குப் போய்வந்தேன்,
கம்பளியை மடித்து, கேக்கை முன்சீட்டில் வைத்து
பெல்ட்டும் போட்டு.
விளக்கு எரியவில்லை. நாளை எரியலாம்.
கிளிப் இல்லாத மூலையில் சீட் கறகறக்கிறது.
அந்தச் சத்தம் எதனால் என்று எனக்குத் தெரியும்.

அவள் இன்று காலையும் சொன்னாள்.
'இல்லைதான்' என்றேன்,
கியரைப் போட்டேன்.